லேபலில் மனிதன், கண்ணாடியில் எலி: ஆண் இனப்பெருக்க மண்டல ஸ்லைடு பெட்டி பற்றி

புதுச்சேரி, கடலூர் பக்கம் மருத்துவம், நர்சிங், லேப் டெக்னாலஜி, விலங்கியல் படிக்கிறவர்களுக்கு விற்கப்படும் 12 ஸ்லைடு கொண்ட மரப்பெட்டி இது. அம்பாலாவில் தயாராகிச் சென்னை வழியாக இங்கே வருகிறது. விலை 2,600 ரூபாய். தயாரிப்பாளர் பெயர் இங்கே தேவையில்லை. இதே குறைகள் வேறு பெட்டிகளிலும் இருக்கக்கூடும், எதை வாங்கினாலும் இதே சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எட்டு ஸ்லைடுகள் நன்றாக இருக்கின்றன, அவற்றில் இரண்டு மிக நேர்த்தி. மூன்றில் லேபல் தவறு. ஒன்று தடிமனாக வெட்டப்பட்டிருப்பதால் பாதிதான் பயன்படும். தவறான மூன்றில் இரண்டு விந்தக ஸ்லைடுகள் என்பதுதான் பெரிய வருத்தம். இந்த மண்டலத்தைப் படிக்கிற எவரும் முதலில் எடுத்து வைப்பது அந்த இரண்டைத்தான்.

இரண்டிலும் ‘மனித விந்தகம்’ என்று ஒட்டியிருக்கிறது. உள்ளே இருப்பது எலி விந்தகம். இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். மைக்ரோஸ்கோப்பில் 4 எக்ஸ் (நான்கு மடங்கு பெரிதாக்கும்) வில்லையில் வைத்தாலே சந்தேகம் வந்துவிடும். மனித விந்தகத்தைச் சுற்றி டியூனிகா ஆல்புஜினியா என்ற வெள்ளை நார்ச்சட்டை தடித்து நிற்கும். பின்பக்கம் அது உள்நோக்கிப் பருத்து மீடியாஸ்டினம் ஆகிறது. அங்கிருந்து கிளம்பும் தடுப்புகள் விந்தகத்தைச் சுமார் 250 அறைகளாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு அறையிலும் ஒன்று முதல் நான்கு விந்து நுண்குழல்கள் சுருண்டு கிடக்கும். இந்த ஸ்லைடிலோ சட்டை மெல்லிய கோடு மாதிரி ஓடுகிறது, தடுப்பு கண்ணில் படவே இல்லை. குழல்கள் ஒன்றையொன்று ஒட்டி நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன. இடையில் சின்னச் சின்ன முக்கோண இடுக்குகள் மட்டும்தான். மனிதனில் அந்த இடைவெளி அகலமாக இருக்கும், ஆண் ஹார்மோன் சுரக்கும் லீடிக் செல்கள் கொத்துக் கொத்தாக அங்கே உட்கார்ந்திருக்கும்.

10 எக்ஸுக்குப் போனால் குழலின் வெளிவரம்பைப் பாருங்கள். மனிதக் குழலைச் சுற்றித் தட்டையான தசைநார்ச் செல்கள் பல அடுக்காகச் சுற்றியிருக்கும். எலியில் ஒரே அடுக்கு. 40 எக்ஸில் சந்தேகமே மிஞ்சாது: முதிர்ந்த விந்துமுன்செல்களின் தலைகள் கொக்கி போல வளைந்திருக்கின்றன. மனித விந்தணுவின் தலை முட்டை வடிவம், கொக்கி கிடையாது. லீடிக் செல்லுக்குள் ரெய்ங்க் படிகம் என்ற குச்சி போன்ற பொருள் தெரிந்தால் அது மனித விந்தகம் என்பதற்கு நல்ல சான்று. ஆனால் எல்லா மனித வெட்டிலும் படிகம் தெரியாது. ஆகவே படிகம் இல்லை என்பதை மட்டும் வைத்து எலி என்று தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

எலியாக இருந்தால் என்ன, செல்கள் ஒன்றுதானே என்று கடைக்காரர் கேட்கலாம். பாதி சரி. வளரும் விந்தணுக்களைத் தாங்கி ஊட்டும் செர்டோலி செல் இரண்டிலும் உண்டு. வெளிறிய கரு, நடுவில் பளிச்சென்று தெரியும் நுண்கரு, அடியிலிருந்து குழலின் நடுக்குழி வரை நீண்ட உடல் என்று எலியிலும் அதைக் கற்றுக்கொள்ளலாம். அடித்தளத்தை ஒட்டி விந்துத் தாய்ச்செல்கள், அதற்கு மேல் குழலிலேயே மிகப் பெரிய கருவோடு முதல்நிலை விந்துச்செல்கள், இவையும் அப்படியே. இரண்டாம்நிலை விந்துச்செல்லைத் தேடித் தேடி மாணவர்கள் களைத்துப் போவார்கள். அது பிறந்த வேகத்தில் பிளந்துவிடுகிற செல், எந்த ஸ்லைடிலும் அரிதாகத்தான் அகப்படும். அதற்காகப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. விந்தணு உருவாக்கம் அலை அலையாக நடக்கிறது. எலியில் அதை 14 கட்டங்களாகப் பிரிக்கிறார்கள், மனிதனில் 6. எலியில் ஒரு கட்டம் குழலின் நீளத்தில் ஒரு துண்டு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். அதனால் குறுக்காக வெட்டினால் வட்டம் முழுக்க ஒரே கட்டம். மனிதனில் கட்டங்கள் ஒட்டுப்போட்ட துணி மாதிரி. ஒரே வட்டத்துக்குள் ஒரு கால்பகுதியில் நீண்ட விந்துமுன்செல்கள் குழியை எட்டியிருக்கும், பக்கத்துக் கால்பகுதியில் உருண்டைச் செல்களோடு நின்றிருக்கும். எலி ஸ்லைடில் மட்டும் கண் பழகியவர் நாளைக்கு ஒரு மனித பயாப்சியைப் பார்த்தால், இந்த இயல்பான கலவையைப் பார்த்து ‘வளர்ச்சி பாதியில் நின்றுவிட்டது’ என்று நினைத்துவிடுவார். குழந்தைக்காகக் காத்திருக்கும் ஒரு தம்பதியின் அறிக்கையில் அந்தச் சொல் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். லேபலில் ‘எலி’ என்று எழுதியிருந்தால் இந்த இரண்டும் நல்ல ஸ்லைடுகள்தான், கட்டங்களைக் கற்பிக்க எலியை விடத் தெளிவானது இல்லை. பொய் லேபல்தான் கெடுக்கிறது.

இரண்டாவது விந்தக ஸ்லைடில் பதப்படுத்தலும் சரியில்லை. குழல்களுக்கும் இடைத்திசுவுக்கும் நடுவே வெள்ளை இடைவெளி வளையமாக ஓடுகிறது. வெறும் ஃபார்மலினில் போட்ட விந்தகம் இப்படித்தான் சுருங்கும். விந்தகத்துக்கு ஏற்றது பூவான் திரவம்: நிறைசெறிவு பிக்ரிக் அமிலக் கரைசல் 75 பங்கு, ஃபார்மலின் 25 பங்கு, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 5 பங்கு. அதில் போட்டால் கருவின் நுண்விவரம் கூர்மையாக நிற்கும். பிறகு மஞ்சள் நிறம் போகும் வரை 70 சதவீத ஆல்கஹாலில் கழுவ வேண்டும், கழுவாவிட்டால் சாயம் ஒழுங்காக ஏறாது. (சொந்தமாக ஸ்லைடு செய்யும் கல்லூரிகளுக்கு ஒரு எச்சரிக்கை: பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும். பாட்டில் எப்போதும் ஈரமாகவே இருக்க வேண்டும். மூடியைச் சுற்றி மஞ்சள் படிகம் காய்ந்திருந்தால் திறக்கவே முயலாதீர்கள்.) சில குழல்களில் செல்கள் பிய்ந்து குழிக்குள் விழுந்து கிடப்பதும் தெரிகிறது. திசு கெட்டியாவதற்கு முன் அழுத்திப் பிடித்து வெட்டினால் இப்படி நேரும். அது நோய் அல்ல.

இனி நல்ல செய்தி. மூன்றாவது ஸ்லைடு ரெட்டி டெஸ்டிஸும் (விந்து நுண்குழல்கள் வந்து சேரும் வலை) அங்கிருந்து விந்தணுக்களை வெளியே கொண்டுபோகும் நுண்நாளங்களும். பெட்டியிலேயே இதுதான் எங்களுக்குப் பிடித்தது. வலை போன்ற ரெட்டி, அடர்ந்த நார்த்திசுவுக்குள் ஒற்றை அடுக்குக் குட்டைச் செல்களோடு ஒழுங்கில்லாத இடைவெளிகளாகத் தெரிகிறது. கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தினால் நுண்நாளங்கள். 12 முதல் 20 வரை இருக்கும் இந்த நாளங்களின் உள்விளிம்பு அலை அலையாக, நட்சத்திரம் மாதிரி நெளிந்திருக்கும். சிலியா (அசையும் நுண்மயிர்) உள்ள உயரமான செல்களும் சிலியா இல்லாத குட்டைச் செல்களும் கொத்துக் கொத்தாக மாறி மாறி வருவதால் அப்படி.

அதை அடுத்து நான்காவது ஸ்லைடை வைத்துப் பாருங்கள். விந்தணு முதிர்ந்து சேரும் எபிடிடிமிஸ் குழலின் உள்விளிம்பு கத்தியால் செதுக்கியது போல வழவழப்பாக, சமமாக ஓடும். இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த மாணவர் தேர்வில் தடுமாறவே மாட்டார். சுமார் 6 மீட்டர் நீளமுள்ள ஒரே குழல் 5 சென்டிமீட்டர் இடத்துக்குள் சுருண்டிருப்பதால்தான் ஒரே வெட்டில் பத்துப் பதினைந்து வட்டங்கள் தெரிகின்றன. அவை தனித்தனிக் குழல்கள் அல்ல. மேல்விளிம்பில் தெரியும் நீண்ட இழைகள் ஸ்டீரியோசிலியா. பெயரில் சிலியா இருந்தாலும் அவை அசையாதவை, நீண்ட நுண்விரல்கள்தான். இந்தப் பெட்டியில் அந்த இழைகள் கொத்தாக ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியாக நிற்கின்றன, நல்ல வேலை. தலைப்பகுதியா வால்பகுதியா என்று லேபலில் இல்லை. மேல்திசு உயரமாக, சுற்றுத்தசை மெலிதாக இருப்பதால் தலைப்பகுதி என்று சொல்லலாம். வாலில் திசு குட்டையாகும், தசை தடிக்கும், குழி அகன்று விந்தணுக்கள் அடைத்துக் கிடக்கும். வால்பகுதி ஸ்லைடு ஒன்றும் சேர்த்திருக்கலாம்.

விந்து நாள ஸ்லைடும் தரமானது. சின்ன நெளிந்த குழி, அதைச் சுற்றி அதைவிடப் பல மடங்கு தடித்த தசைச் சுவர். உள்ளே நீள்வாக்கு, நடுவில் வட்டவாக்கு, வெளியே நீள்வாக்கு என்று மூன்று அடுக்கும் எண்ணிப் பார்க்கும்படி பிரிந்து தெரிகின்றன. வாசக்டமி செய்யும் மருத்துவர் தோலுக்கு மேலேயே விரலால் தடவி இதைக் கயிறு மாதிரி அடையாளம் காண்பது இந்தத் தசையால்தான். மாணவர்கள் இதைச் சிறுநீர்க்குழாயோடு குழப்புவது வழக்கம். சுவரைப் பார்க்காமல் உள்திசுவைப் பாருங்கள். சிறுநீர்க்குழாயில் குடை வடிவ மேல்செல்களோடு கூடிய மாறுநிலைத் திசு இருக்கும், இங்கே போலி அடுக்குத் தூண்செல்கள்.

ஆறாவது, விந்துத்தண்டின் குறுக்குவெட்டு. இவ்வளவு விஷயங்கள் ஒரே கண்ணாடியில் வேறெங்கும் கிடைக்காது: நாளம், விந்தகத் தமனி, நரம்புகள், கிரிமாஸ்டர் தசை, பாம்பினிஃபார்ம் சிரைப்பின்னல். கிரிமாஸ்டரில் வரிகள் தெரியும், அது எலும்புத்தசை வகை. நாளத்தின் தசையில் வரி இருக்காது. சிரைகளில்தான் பலர் ஏமாறுவார்கள். இந்தப் பின்னலின் சிரைகளுக்கு வழக்கத்துக்கு மாறான தடித்த தசைச்சுவர், பார்த்ததும் தமனி என்றே தோன்றும். தமனியைச் சூழ்ந்து அவை ஓடுவதால் விந்தகத்துக்குப் போகும் ரத்தம் வழியிலேயே குளிர்கிறது. விந்தகம் உடல் வெப்பத்தை விட 2 முதல் 3 டிகிரி குறைவாக இருக்க இதுவும் ஒரு காரணம். இடப்பக்க விந்தகச் சிரை இடது சிறுநீரகச் சிரையில் செங்கோணமாகச் சேர்கிறது, வலப்பக்கம் நேராகக் கீழ்ப்பெருஞ்சிரைக்குப் போகிறது. வெரிகோசீல் (இந்தச் சிரைப்பின்னல் புடைத்து வீங்குவது) பெரும்பாலும் இடப்பக்கம் வருவது ஏன் என்று விளக்க இந்த ஸ்லைடோடு ஒரு கரும்பலகைப் படம் போதும்.

செமினல் வெசிக்கிள் ஸ்லைடு சுமார்தான், ஆனாலும் தேர்வுக்குப் போதும். மடிப்புகள் வளைவு வளைவாக, ஒன்றோடொன்று சேர்ந்து அறைகள் மாதிரி தெரிகின்றன. வயதானவரின் மாதிரி போலும், செல்களில் பழுப்பு மஞ்சள் நிறமி இருக்கிறது, சில கருக்கள் பெருத்து ஒழுங்கற்றிருக்கின்றன. இது இந்த உறுப்பில் வயதோடு வருகிற இயல்பு. புராஸ்டேட் ஊசி பயாப்சியில் தப்பித் தவறி இந்தத் திசு வந்துவிட்டால் புற்றுநோய் என்று ஏமாறும் அபாயம் உண்டு, அதற்கு இந்த நிறமிதான் துப்பு.

கூட வரும் தாளில் இதற்கு ‘விந்துப்பை’ என்று தமிழ் போட்டிருக்கிறார்கள். பாடப்புத்தகத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரால் எத்தனை பேர் விந்தணு அங்கே சேமிக்கப்படுகிறது என்று எழுதி மதிப்பெண் இழக்கிறார்கள்! அது பை அல்ல, சுருண்ட சுரப்பிக் குழல். விந்தணு சேர்ந்திருப்பது எபிடிடிமிஸின் வாலில். விந்து திரவத்தில் சுமார் 65 முதல் 70 சதவீதம் இந்தச் சுரப்பியிலிருந்து வருகிறது, ஃபிரக்டோஸும் அதில்தான். தாளின் அடுத்த பத்தியில் விரைப்பைக்கும் ‘விந்துப்பை’ என்றே போட்டிருப்பது மன்னிக்க முடியாத கவனக்குறைவு.

புராஸ்டேட் இரண்டு ஸ்லைடு. ஒன்று ‘இயல்பு’, இன்னொன்று ‘முதுமை வீக்கம்’. இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம், இரண்டிலும் முடிச்சுகள் இருக்கின்றன. ‘இயல்பு’ லேபல் தவறு. உருண்டையான முடிச்சுகளாகச் சுரப்பிகளும், தசையும் நாரும் கலந்த இடைத்திசுவும் பெருகி, பக்கத்துத் திசுவை அழுத்தித் தள்ளியிருந்தால் அது வீக்கம்தான். மற்றபடி ஒன்பதாவது ஸ்லைடு (‘முதுமை வீக்கம்’) அருமை: சுரப்பிகளுக்கு நடுவே வரியில்லாத தசை கலந்த கெட்டியான இடைத்திசு, குழிகளில் வளையம் வளையமாக அமைலேசியக் கட்டிகள் (சுரப்பு இறுகி உண்டாகும் உருண்டைகள்), சுரப்பிச் சுவரில் உயரமான சுரப்புச் செல்லும் அதன் அடியில் தட்டையான அடிச்செல்லும். இந்த அடிச்செல் வரிசையைக் கண்டுபிடிக்க மாணவர்களைப் பழக்குங்கள், புற்றுநோயில் காணாமல் போவது அதுதான். வெட்டு எந்த மண்டலத்திலிருந்து என்று லேபலில் எழுதாதது குறை. சுரப்பித் திசுவில் சுமார் 70 சதவீதம் புறமண்டலம், 25 சதவீதம் நடுமண்டலம், 5 சதவீதம் இடைமாறு மண்டலம். வீக்கம் தொடங்குவது அந்தச் சின்ன இடைமாறு மண்டலத்தில், அது சிறுநீர் வழியைச் சுற்றி இருப்பதால் சீக்கிரமே அடைப்புத் தருகிறது. புற்றுநோய் பெரும்பாலும் புறமண்டலத்தில், அதனால்தான் ஆசனவாய் வழி விரல் பரிசோதனையில் கைக்கு அகப்படுகிறது.

ஆண்குறி ஸ்லைடுதான் அந்தத் தடிமன் ஸ்லைடு. 5 மைக்ரானில் வெட்ட வேண்டியதை அதைப்போல் இரண்டு மூன்று மடங்குக்கு வெட்டியிருக்கிறார்கள். 4 எக்ஸில் மட்டும் பாருங்கள்: மேலே ரத்தம் நிரம்பி விறைக்கும் இரண்டு கார்ப்பஸ் கேவர்னோசம், நடுவே முழுதாக மூடாத தடுப்பு, கீழே சிறுநீர் வழியைச் சுற்றிய ஸ்பாஞ்சியோசம். கேவர்னோசத்தைச் சுற்றிய நார்ச்சட்டை தடிப்பு, ஸ்பாஞ்சியோசத்தைச் சுற்றியது மெலிது. விறைப்பில் ரத்தம் திரும்பாமல் நிற்பதற்கும், ஸ்பாஞ்சியோசம் அவ்வளவு இறுகாமல் விந்து போக வழி விடுவதற்கும் இந்த வேறுபாடே காரணம். 40 எக்ஸில் சுருள் தமனிகளைத் தேடினால் கலங்கல்தான் கிடைக்கும். 11-வது, சிறுநீர் வழியின் தனி வெட்டு, குறையில்லை.

கடைசி ஸ்லைடு விந்துத் துளிப் பூச்சு. சாயம் நன்றாக ஏறியிருக்கிறது, தலையின் முன்பாதியில் அக்ரோசோம் வெளிறித் தெரிகிறது. ஆனால் தாளில் ஒரு மில்லிலிட்டருக்கு 2 கோடி, சரியான வடிவம் 50 சதவீதம் என்று பழங்கணக்கு அச்சாகியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின் கீழ்வரம்பு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி, அளவு 1.4 மில்லிலிட்டர், மொத்த அசைவு 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். நூறில் நாலு! இந்தப் பூச்சில் வளைந்த கழுத்தும் பெருத்த தலையுமாகப் பலதைப் பார்த்து மாணவர்கள் அதிர்ச்சி அடைய வேண்டாம். தாளின் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது கடையிலேயே செய்ய வேண்டியது: கண்ணாடியை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். கவர்ஸ்லிப்புக்கு அடியில் வெள்ளிக்கோடு மாதிரி தெரிந்தால் டி.பி.எக்ஸ் (கவர்ஸ்லிப்பை ஒட்டும் பசை) சுருங்கிக் காற்று புகுந்திருக்கிறது, நாளாக நாளாக உள்ளே நகரும். நீலமும் இளஞ்சிவப்பும் பிரிந்து தெரிய வேண்டும், எல்லாம் ஒரே ஊதாவாக இருந்தால் வேண்டாம். கடையில் மைக்ரோஸ்கோப் இருந்தால் விந்தக ஸ்லைடை மட்டுமாவது வைக்கச் சொல்லுங்கள். எலியென்று தெரிந்தால் பில்லில் ‘விந்தகம், எலி’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள், அல்லது அந்த இரண்டை மாற்றித் தரச் சொல்லுங்கள். தனி ஸ்லைடாக மாற்றித் தருவது விற்பனையாளருக்குப் பெரிய சிரமம் இல்லை.

மனித விந்தகம் மருத்துவக் கல்லூரி நோய்க்குறியியல் துறையில் கிடைக்குமே என்று நினைப்பவர்களுக்கு: முறையான அனுமதி இல்லாமல் யாரும் தர மாட்டார்கள், தரவும் கூடாது. கிடைத்தாலும் அவை பெரும்பாலும் முதியவர்களின் சுருங்கிய விந்தகமாகவோ இறங்காத விந்தகமாகவோ இருக்கும். இறங்காததில் குழல் சுவர் தடித்து, உள்ளே செர்டோலி செல் மட்டும் மிஞ்சியிருப்பதுண்டு. ஒப்பிட நல்லது, இயல்பைக் கற்பிக்க உதவாது.

நம் ஊர் உப்புக்காற்றுக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் மரப்பெட்டி அப்படியே தாங்காது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டு, நிறம் மாறியதும் சூடுபடுத்தி மறுபடி வையுங்கள். புதிய ஸ்லைடுகளைச் சில வாரம் படுக்கையாக வைத்திருங்கள், டி.பி.எக்ஸ் முழுக்க இறுகுமுன் நிறுத்தி வைத்தால் கவர்ஸ்லிப் நழுவும். ஜன்னலோரம் வெயிலில் விட்டால் சாயம் வெளுக்கும். எண்ணெய் வில்லை போட்டுப் பார்த்த பிறகு சைலீன் நனைத்த வில்லைத் தாளால் மேலாக ஒற்றி எடுங்கள். ஊற்றித் தேய்த்தால் சைலீன் விளிம்பு வழியாகப் புகுந்து டி.பி.எக்ஸைக் கரைத்துவிடும். எங்கள் கைக்கு வந்த பெட்டியில் ஏழாவது ஸ்லைடின் ஓரம் ஏற்கெனவே அப்படிக் கரைந்துதான் இருந்தது, கடையில் யாரோ துடைத்துப் பார்த்திருக்க வேண்டும்.